வீட்டில் வெண்பன்றி வளர்த்தல்

பன்றி என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே முகம் சுளிப்போர் நம்மில் பலர். ஒருவரை இழித்துரைக்க விரும்புவோர் அச்சொல்லையே எடுத்து வீசுகின்றனர். ஆயினும் இவ்விலங்குக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களை எண்ணிப் பாருங்கள். ஏனம், கேழல், வராகம் என்று எத்தனை பெயர்கள்! திருமாலின் பத்து அவதாரங்களுள் ஒன்று வராகம். மாமல்லபுரத்தில் 7-ஆம் நூற்றாண்டில் பல்லவர் குடைந்த வராக மண்டபத்தை மாணவர்கள் பலர் சுற்றுலாச் சென்று கண்டிருப்பீர்கள். சாளுக்கிய மன்னர் வராகத்தைத் தம் இலச்சினையாகக் கொண்டனர். விசயநகரப் பேரரசின் பொற்காசுக்கு வராகன் என்பதே பெயர். நம் ஸ்ரீவில்லிபுத்தூரையும் வராக க்ஷேத்திரம் என்று தல புராணம் கூறுகின்றது. கோயிலில் கைகூப்பித் தொழும் உருவத்தையே தெருவில் கண்டால் கல்லெறிந்து விரட்டுகிறோம். இம்முரண்பாட்டுக்குக் காரணம் என்ன?

தெருவில் திரியும் பன்றி சாக்கடையில் புரளுகின்றது, கழிவைத் தின்னுகின்றது. அதனைக் கண்ட நம் மனம், அருவருப்பு அவ்விலங்கின் பிறவிக் குணம் என்று முடிவு செய்துவிடுகின்றது. அம்முடிவு சரியா தவறா என்று ஆராய்வதும், வீட்டளவில் ஓரிரு பன்றிகளை இறைச்சிக்காக வளர்க்கப் புகும் ஒருவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டுவன யாவை என்று கூறுவதுமே இப்பேச்சின் நோக்கம். இறைச்சி உண்பதும் உண்ணாமையும் அவரவர் சமயத்தையும் குடிவழக்கத்தையும் மனச்சான்றையும் பொறுத்தன. புலால் மறுத்தவர்களை உண்ணச் சொல்வதற்காக நான் பேசவில்லை. ஆனால், உண்ணாதவர்களும் இதனை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் சேற்றைப் பற்றிச் சொல்லுகிறேன். வெயிலில் நாம் ஓடினால் உடல் வியர்க்கின்றது. வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் உடன்கொண்டு போகின்றது. பன்றிக்கு அவ்வாறு பயன்படத்தக்க வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. தோலின் அடியிலோ கொழுப்புப் படலம் தடித்துக் கிடக்கின்றது. சித்திரை வெயிலில் அது என்ன செய்யும்? நீரைத் தேடும். தெளிந்த நீர் கிடைத்தால் அதில் படுக்கும். கிடைக்காவிட்டால் சேற்றில் படுக்கும். சேறும் இல்லையேல் சாக்கடையில் இறங்கும். உடம்பில் ஒட்டிய ஈரம் உலரும்போது அதற்குக் குளிர்ச்சி உண்டாகின்றது. ஆகவே, சேற்றில் புரளுதல் அதற்கு உயிர் காக்கும் வழியேயன்றி அழுக்கின்மேல் கொண்ட ஆசையன்று. போதிய இடமும் நிழலும் நீரும் உள்ள கொட்டிலில் பன்றியை விட்டுப் பாருங்கள். உண்ணும் இடம், உறங்கும் இடம், சாணமிடும் இடம் என மூன்றையும் அது தானே பிரித்துக்கொள்ளும். படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய அது பெரும்பாலும் விரும்புவதில்லை. மாடும் ஆடும் இவ்வளவு ஒழுங்கைக் காட்டுவதில்லை என்பதை அவற்றை வளர்ப்போர் அறிவர்.

அடுத்து, நோயைப் பற்றிக் கூறவேண்டும். பன்றி இறைச்சியினால் நாடாப்புழு வரும் என்பது பாடநூலில் நீங்கள் படித்த செய்தி. அச்செய்தியை முதலிலிருந்து முடிவு வரை தொடர்ந்து பார்த்தல் வேண்டும். நாடாப்புழு வாழும் இடம் மனிதனின் குடல். அதன் முட்டைகள் மனித மலத்தோடு வெளியேறுகின்றன. திறந்தவெளியில் கிடக்கும் அம்மலத்தைப் பன்றி தின்னும்போது முட்டைகள் அதன் உடலில் புகுந்து, தசைகளில் சிறு நீர்க்கொப்புளங்களாகத் தங்கிவிடுகின்றன. அந்த இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் உண்பவன் குடலில் மீண்டும் நாடாப்புழு வளர்கின்றது. இந்தச் சக்கரம் எங்கே தொடங்குகின்றது? மனிதனிடத்தில்! பன்றி இடையில் அகப்பட்ட ஒரு கண்ணியே.

இன்னும் அச்சந்தரும் பகுதி ஒன்று உண்டு. குடலில் புழு உள்ள ஒருவன் மலங்கழித்தபின் கையைக் கழுவாமல் உணவைத் தொட்டால், அம்முட்டைகள் உணவோடு மற்றவர் வயிற்றினுள் நேரே செல்லக்கூடும். அப்போது பன்றித் தசையில் உண்டாகும் அதே கொப்புளங்கள் மனித உடலிலும், சிற்சமயம் மூளையிலும் உண்டாகின்றன. நம் நாட்டில் காணப்படும் வலிப்பு நோய்க்கு இஃது ஒரு முக்கியக் காரணம் என்று மருத்துவர் கூறுகின்றனர். பன்றி இறைச்சியை வாழ்நாளில் தொட்டறியாத சைவ உணவினர்க்கும் இந்நோய் வரக்கூடும். உண்ணாதவர்களும் இதனை அறிய வேண்டும் என்று நான் முன்னர்ச் சொன்னது இதனாலேதான். கழிப்பறையைப் பயன்படுத்துதலும், கையைச் சோப்பினால் கழுவுதலும், பன்றியைத் தெருவில் திரியவிடாமையும் ஆகிய மூன்றும் சேர்ந்தால் இச்சக்கரம் அறுபட்டுவிடும்.

ஆகவே, பன்றி வளர்ப்பின் முதற்பாடம் இது: பன்றியைக் கொட்டிலில் வைத்து, நாமே உணவிட்டு வளர்க்க வேண்டும். திரியவிட்டு வளர்ப்பது வளர்ப்பு ஆகாது. அதற்கு உள்ளாட்சிச் சட்டங்களும் இடந்தருவதில்லை.

இனி, எந்த வகைப் பன்றியை வளர்ப்பது? நம் ஊர்களில் காணும் கருநிற நாட்டுப் பன்றி நோயையும் வெயிலையும் தாங்கும். ஆனால் மெதுவாக வளரும். ஈற்றுக்கு ஈனும் குட்டிகளும் குறைவு. இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் உருவாக்கப்பெற்ற பெரிய வெள்ளை யார்க்ஷயர் என்னும் இனமே நம் நாட்டில் பரவலாக வளர்க்கப்படுகின்றது. நம் உழவர்கள் இதனை வெண்பன்றி என்பர். இது விரைந்து வளரும். ஓர் ஈற்றில் 8 முதல் 10 குட்டிகள் வரை ஈனும். சினைக்காலம் 114 நாள்கள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

செங்கற்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் நெடுங்காலமாகப் பன்றி ஆராய்ச்சி நடைபெற்று வருகின்றது. வெள்ளை யார்க்ஷயரையும் நாட்டுப் பன்றியையும் கலந்து, நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற கலப்பினம் ஒன்றையும் அங்கே உருவாக்கியுள்ளனர். 1903-ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வழிவந்த பல்கலைக்கழகம் 1989-இல் அமைந்தது. காட்டுப்பாக்கம் நிலையம் அப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. நம் இராஜபாளையத்திலும் அப்பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் ஒன்று உண்டு. கையில் பணத்தோடு குட்டி வாங்கப் புறப்படுமுன், அத்தகைய மையத்துக்குச் சென்று சில நாள் பயிற்சி பெறுவது அறிவுடைமை.

தொடங்குவோர் தாய்ப்பன்றியை வாங்கி ஈனச்செய்து குட்டிகளை விற்க முற்படலாகாது. ஈற்றுக் காலத்துப் பராமரிப்பு தேர்ந்த கையையே வேண்டி நிற்பது. தாய் உருளும்போது குட்டிகள் நசுங்கி இறப்பது உண்டு. தாய்ப்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. மண்ணைக் கிளறித் திரியும் குட்டிக்கு அச்சத்து ஓரளவு மண்ணிலிருந்து கிடைக்கும். சிமெண்டுத் தரையில் பிறந்த குட்டிக்கு அந்த வழியும் இல்லை. ஆதலால் பிறந்த நான்காம் நாளையொட்டி ஒருமுறையும், பதினான்காம் நாளையொட்டி ஒருமுறையும் இரும்புச் சத்து ஊசி போடுவர். இவையெல்லாம் இரண்டாம் வகுப்புப் பாடங்கள். முதல் வகுப்பில் சேர்பவர், பால்குடி மறந்த இரண்டு மாதக் குட்டிகள் இரண்டை வாங்கி, இறைச்சிப் பருவம் வரை வளர்த்துப் பழகினால் போதும்.

ஏன் இரண்டு? பன்றி கூட்டமாக வாழும் விலங்கு. தனித்து விடப்பட்ட குட்டி வாடும். உணவில் மனம் செல்லாது. இரண்டாக இருந்தால் ஒன்றையொன்று முந்திக்கொண்டு உண்ணும். குட்டிகளைச் சந்தையில் பலர் கொணர்ந்தவற்றிலிருந்து பொறுக்குவதினும், நம்பத்தக்க ஒரே பண்ணையிலிருந்து பெறுதல் நன்று. கண்ணில் தெளிவும், தோலில் பளபளப்பும், நடையில் துடிப்பும் உள்ளனவாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஆண் குட்டியாயின், மூன்று நான்கு வாரத்திலேயே கால்நடை மருத்துவரால் காயடிக்கப்பெற்றதா என்று கேட்டறிதல் வேண்டும். காயடிக்காத ஆண் பன்றியின் இறைச்சியில், அது பருவமெய்திய பின், ஒருவகை வீச்சம் உண்டாகும்.

கொட்டில் பெரிதாக இருக்க வேண்டுவதில்லை. வளர்ந்த பன்றி ஒன்றுக்குக் கூரையடியில் ஏறத்தாழ 20 சதுர அடியும், கூரையின்றித் திறந்த வெளியில் அதே அளவும் இருந்தால் போதும். அதாவது, இரண்டு பன்றிகளுக்கு 8 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள கூரைப்பகுதி ஒன்றும், அதே அளவுள்ள முற்றம் ஒன்றும் வேண்டும். சுவர் 4 அடிக்குக் குறையலாகாது. தரை சிமெண்டுத் தரையாகவும், கழுவிய நீர் தானே ஓடுமாறு சாய்வுடையதாகவும், ஆனால் கால் வழுக்காத சொரசொரப்புடையதாகவும் இருத்தல் வேண்டும். நம் பகுதி மேற்குமலையின் மழை மறைவில் உள்ளது, கோடை கடுமையானது. ஆகவே தகரக் கூரையினும் தென்னங்கீற்றுக் கூரையே நமக்கு ஏற்றது. உச்சி வெயிலில் இருமுறை உடம்பில் நீர் தெளித்துவிட்டால் பன்றி சேற்றைத் தேடாது. கழிவு நீரைத் தெருவிலோ ஓடையிலோ விடுதல் கூடாது. சாணத்தை எருக்குழியில் இட்டு மட்கச் செய்தால் தென்னைக்கும் மாவுக்கும் நல்ல உரமாகும். சாண எரிவாயுக் கலனிலும் இடலாம்.

கொட்டில் அமைக்கும் இடத்தைத் தேர்வதில் பொறுப்புணர்ச்சி வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் திருக்கோயில் நகரம். பல சமயத்தாரும் பல வழக்கத்தாரும் நெருங்கி வாழும் இடம். வழிபாட்டு இடங்களுக்கும் பள்ளிகளுக்கும் குடிநீர்க் கிணறுகளுக்கும் அண்மையில் கொட்டில் அமைத்தல் தகாது. ஊருக்குப் புறத்தே சொந்தத் தோட்டம் உடையவரே இதில் இறங்குவது நன்று. நகராட்சி அல்லது ஊராட்சியின் அனுமதியையும் அக்கம் பக்கத்தாரின் இசைவையும் முதலிலேயே பெற்றுக்கொள்ள வேண்டும். அண்டை வீட்டாரோடு பகை வளர்த்துப் பன்றி வளர்ப்பதால் ஒரு நன்மையும் இல்லை.

இனி உணவைப் பற்றிப் பார்ப்போம். இத்தொழிலில் ஆகும் செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கு தீவனச் செலவே. வளரும் குட்டிகளுக்கு 100 கிலோ தீவனம் கலப்பதற்கு ஒரு முறை கூறுகிறேன். மக்காச்சோளம் 55 கிலோ, அரிசித் தவிடு அல்லது கோதுமைத் தவிடு 22 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 16 கிலோ, மீன் தூள் 5 கிலோ, தாது உப்புக் கலவை ஒன்றரைக் கிலோ, சாதாரண உப்பு அரைக் கிலோ. ஆக 100. மக்காச்சோளத்துக்கு ஈடாக விலைக்கேற்பக் கம்பையோ சோளத்தையோ உடைத்துச் சேர்க்கலாம். பிண்ணாக்கும் மீன் தூளும் புரதத்துக்கு, தானியம் ஆற்றலுக்கு, தாது உப்பு எலும்புக்கு. எப்போதும் தொட்டியில் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். நீரின்றி உப்பு மிகுந்த உணவை உண்டால் பன்றிக்கு அதுவே நஞ்சாகிவிடும்.

நம் வட்டாரத்துக்கு மிகவும் வேண்டிய எச்சரிக்கை ஒன்றை இங்கே கூறவேண்டும். இராஜபாளையமும் அதன் சுற்றுப்புறமும் பருத்திக்கும் நூற்பாலைகளுக்கும் பேர்பெற்றவை. பருத்திக்கொட்டையும் அதன் பிண்ணாக்கும் மாட்டுக்கு நாம் வழக்கமாகக் கொடுப்பவை. மாட்டுக்கு நல்லது பன்றிக்கும் நல்லதுதானே என்று ஒருவர் எண்ணுதல் இயல்பு. ஆனால், பருத்திக்கொட்டையில் காஸிபால் என்னும் நச்சுப்பொருள் உண்டு. அசைபோடும் மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அந்நஞ்சின் வலிமையைப் பெரிதும் குறைத்துவிடுகின்றன. பன்றியின் இரைப்பையோ நம் இரைப்பையைப் போல ஒற்றை அறையுடையது. அந்நஞ்சு அதன் இதயத்தையும் கல்லீரலையும் தாக்கும். நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, சில வாரங்கள் கழித்து, நன்றாயிருந்த பன்றி திடீரென்று மூச்சுத் திணறி விழும். ஆகவே, கைக்கு எளிதில் கிடைக்கின்றதே என்று பருத்திக்கொட்டையைப் பன்றிக்கு இடவேண்டா.

இனி ஒரு கணக்கு. மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளலாம். 12 கிலோ எடையுள்ள குட்டியை வாங்கி 90 கிலோ வரை வளர்ப்பதாகக் கொள்வோம். கூடும் எடை 78 கிலோ. ஒரு கிலோ எடை கூடுவதற்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோ தீவனம் வேண்டும். 78-ஐ மூன்றரையால் பெருக்கினால் 273. எளிமைக்காக 275 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 450 கிராம் எடை கூடினால் 78 கிலோ கூடுவதற்கு 173 நாள்கள், அதாவது ஆறு மாதத்துக்குச் சற்றுக் குறைவு, ஆகும். குடல் முதலியவற்றை நீக்கியபின் 100-க்கு 70 பங்கு இறைச்சி எனக் கொண்டால், 90 கிலோப் பன்றி 63 கிலோ தரும்.

இக்கணக்கில் நான் விலையைக் கூறவில்லை. விலை வாரந்தோறும் மாறும். நிறையின் கணக்கு மாறுவதில்லை. 275-ஐ 90-ஆல் வகுத்தால் ஏறத்தாழ மூன்று. எனவே விதி இது: உயிருள்ள பன்றியின் ஒரு கிலோ விலை, மூன்று கிலோ தீவனத்தின் விலைக்குக் கீழே இருக்குமாயின், தீவனத்துக்கு இட்ட பணமே திரும்பி வாராது. குட்டியின் விலை, கொட்டில், மருத்துவம், உழைப்பு ஆகியவை அதற்கு மேல். ஆதலால் குட்டியை வாங்குமுன் இறைச்சியை வாங்குவோர் யார் என்பதைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். தமிழ்நாட்டில் இவ்விறைச்சிக்குச் சந்தை சிறிது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 90 இலட்சம் பன்றிகள் இருந்தன. அவற்றுள் 21 இலட்சம் அஸ்ஸாமில்; தமிழ்நாட்டிலோ ஓர் இலட்சத்துக்கும் குறைவு. மலைக்கு அப்பால் கேரளத்தில் வேண்டுவோர் மிகுதி. ஆயினும் அங்கே அனுப்புவதற்கு எல்லைக் கட்டுப்பாடுகள் அவ்வப்போது குறுக்கிடும்.

விற்க நாள் தள்ளுவதாலும் நட்டம் உண்டு. 90 கிலோவை எட்டிய பன்றி நாளொன்றுக்கு இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் உண்ணும். இன்னும் விலை ஏறட்டும் என்று ஒரு மாதம் காத்திருந்தால் 75 கிலோத் தீவனம் கரையும். கூடுவது பெரும்பாலும் கொழுப்பே.

தீவனச் செலவைக் குறைக்க உணவு விடுதிகளில் மிஞ்சும் சோற்றையும் காய்கறிக் கழிவையும் வாங்கிப் போடுவோர் பலர். வீணாகும் பொருளை இறைச்சியாக மாற்றும் ஆற்றல் பன்றிக்கு உண்டு என்பது உண்மை. ஆனால், எச்சில் உணவை அப்படியே கொட்டுவதில் பேராபத்து இருக்கின்றது. அது யாது என்பதை இனிக் காண்போம்.

1921-ஆம் ஆண்டில் கென்யாவைச் சார்ந்து ஒரு நோய் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது. அதற்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்பது பெயர். காட்டுப் பன்றி இனங்கள் சிலவற்றில் அமைதியாகத் தங்கியிருந்த அந்த நச்சுயிர், ஐரோப்பியர் கொணர்ந்த வீட்டுப் பன்றிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 2007-இல் அது ஜார்ஜியா நாட்டில் புகுந்தது. 2018-இல் சீனாவை அடைந்தது. 2020-இல் அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் உறுதி செய்யப்பட்டது. 2022-இல் கேரளத்தின் வயநாட்டுக்கு வந்தது. 2023-இல் நீலகிரியின் முதுமலைக் காட்டுப் பன்றிகளிடையே காணப்பட்டது. இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை; ஆனால் பன்றிக்கு வந்தால் பிழைப்பது அரிது. இதனைக் குணப்படுத்த மருந்தில்லை. பரவாமல் தடுக்க, நோய் கண்ட பண்ணையிலும் சுற்றிலும் உள்ள பன்றிகள் அனைத்தையும் அரசினர் அழிக்க வேண்டியதாகின்றது. இந்த நச்சுயிர் உப்பிட்ட இறைச்சியிலும் உறைந்த இறைச்சியிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எங்கோ ஒரு விடுதியில் ஒருவர் எறிந்த பன்றி இறைச்சித் துண்டு, எச்சில் வாளியின் வழியாகக் கொட்டிலினுள் வந்து சேரக்கூடும். ஆகவே, விடுதிக் கழிவில் இறைச்சி கலவாதிருத்தல் வேண்டும். அதனையும் கொதி நிலையில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவைத்து ஆறிய பின்பே இடவேண்டும். அடுப்புக்கு விறகு செலவாகின்றதே என்று இதனைச் சுருக்குவோர், கொட்டிலையே இழக்க நேரிடும்.

நம் ஊருக்கு இதில் தனிக் கவலை ஒன்றும் உண்டு. மேற்கே நிமிர்ந்து நிற்கும் மலைத்தொடரில் 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைந்தது. அதனையும் மேகமலைக் காட்டையும் சேர்த்து 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவித்தனர். அக்காட்டில் காட்டுப் பன்றிகள் உண்டு. அடிவாரத் தோட்டங்களில் இரவில் இறங்கிக் கிழங்கையும் கடலையையும் கிளறிவிடுவதை உழவர் அறிவர். இராஜபாளையம் நாயின் புகழே காட்டுப் பன்றி வேட்டையோடு பின்னிக் கிடப்பதன்றோ! இன்று வேட்டையும் இல்லை; காட்டுப் பன்றியைப் பிடித்து வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். காட்டுப் பன்றியும் வீட்டுப் பன்றியும் ஒரே இனம். மூக்கோடு மூக்கு உரசினால் போதும், காட்டின் நோய் கொட்டிலுக்கும் கொட்டிலின் நோய் காட்டுக்கும் செல்லும். முதுமலையைப் போல நம் மலையிலும் நோய் புகுந்தால், அங்கே பன்றியை உண்டு வாழும் புலிக்கும் சிறுத்தைக்கும் இரை குறையும். எனவே, அடிவாரத்தில் கொட்டில் வைப்பவர் கொட்டிலின் சுவரோடு நில்லாமல், சில அடி இடைவெளி விட்டு வெளிவேலி ஒன்றும் கட்டவேண்டும். புதிதாக வாங்கிய குட்டியை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்தல், கொட்டிலுக்கென்று தனிச் செருப்பு வைத்தல், வாசலில் கிருமிநாசினி நீரில் காலை நனைத்து நுழைதல் ஆகியவை செலவில்லாக் காவல்கள்.

பழைய பன்றிக் காய்ச்சல் எனப்படும் வேறொரு நோய்க்குத் தடுப்பூசி உண்டு. இரண்டு மாத அளவில் அதனைப் போடவேண்டும். கோமாரிக்கும் தடுப்பூசி உண்டு. பால் மறந்தவுடனும், பின்னர் மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் குடற்புழு நீக்க மருந்து கொடுத்தல் வேண்டும். உண்ணாமல் ஒதுங்கி நிற்கும் பன்றியைக் கண்ட அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். அதனை அவசரமாக அறுத்து விற்பது பிறர்க்கு இழைக்கும் தீங்காகும்.

மனிதரைப் பற்றிய நோய் ஒன்றையும் மறத்தலாகாது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 1955-இல் நம் வேலூர்ப் பகுதியிலேயே கண்டறியப்பட்டது. வயல் நீரில் பெருகும் ஒருவகைக் கொசு இதனைப் பரப்புகின்றது. கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளின் உடலில் இந்த நச்சுயிர் வாழ்கின்றது. பன்றியின் உடலில் புகுந்தால் பெருமளவில் பெருகுகின்றது. பன்றிக்கு வெளிப்படையாக ஒன்றும் தோன்றாமலிருக்கலாம். அதனைக் கடித்த கொசு ஒரு குழந்தையைக் கடித்தால் குழந்தையின் மூளை தாக்கப்படலாம். ஆகவே நெல்வயலை ஒட்டியும் குடியிருப்பை ஒட்டியும் கொட்டில் இருத்தலாகாது. கொட்டிலில் நீர் தேங்கவிடலாகாது. மாலைப் பொழுதில் கொசுவலைத் திரையிடுதல் நன்று.

முடிவில் ஒரு கடமை உண்டு. இறைச்சிக்காக வளர்த்த விலங்கை ஒருநாள் கொல்ல வேண்டியிருக்கும். அதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் 1960-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கி, அலற அலற வண்டியில் ஏற்றிச் செல்வது அச்சட்டத்துக்கும் மாறு. மனிதத் தன்மைக்கும் மாறு. உரிமம் பெற்ற அறுவைக்கூடத்தில், முதலில் உணர்விழக்கச் செய்து, பின்னரே அறுக்க வேண்டும். அறுப்பதற்கு முன்னும் பின்னும் கால்நடை மருத்துவர் சோதித்துச் சான்று தரவேண்டும். நாடாப்புழுக் கொப்புளங்களை அவர் கண்ணே கண்டுபிடிக்கும். அச்சத்தோடும் களைப்போடும் இறந்த விலங்கின் இறைச்சி தரம் கெடுகின்றது என்பது அறிவியல் கண்ட உண்மை. ஆகவே கருணையும் வாணிகமும் இங்கே ஒரே வழியைக் காட்டுகின்றன.

என் ஆசிரியப் பணிக் காலத்தில் நான் பலமுறை கேட்டு வருந்திய ஒன்றைக் கூறி முடிக்கிறேன். பன்றி வளர்க்கும் குடும்பத்திலிருந்து வரும் பிள்ளையை அவ்விலங்கின் பெயரால் அழைத்துப் பிற பிள்ளைகள் நகைப்பது உண்டு. பள்ளிப் பதிவேட்டில் தந்தையின் தொழிலைச் சொல்லும் இடத்தில் அப்பிள்ளைகள் தயங்கி, தாழ்ந்த குரலில் 'கூலி' என்று சொல்லிவிடுவர். ஆடு வளர்ப்பவர் மகன் அவ்வாறு தயங்கியதை நான் கண்டதில்லை. ஒரே உழைப்பு, ஒரே கணக்கு, ஆயினும் ஒருவனுக்கு அவமானம். அத்தயக்கத்தால் சில பிள்ளைகள் பள்ளியையே விட்டு நீங்கினர். நாம் தெருவில் எறிந்த கழிவைத் தின்று தெருவைக் காலிசெய்த விலங்கையும், அதனை மேய்த்த மனிதரையும் நாமே அழுக்கு என்று ஒதுக்கினோம். அழுக்கு எங்கிருந்து வந்தது என்பதை எவரும் கேட்கவில்லை.

இன்று கேட்கும் அறிவு உங்களுக்கு இருக்கின்றது. நாடாப்புழு எங்கே தொடங்குகின்றது, பன்றி ஏன் சேற்றில் படுக்கின்றது, எச்சில் வாளியில் என்ன வருகின்றது என்பவற்றை நீங்கள் அறிவீர்கள். உங்களுள் ஒருவர் நாளைக்குத் தோட்டத்தின் ஓரத்தில் 8 அடிக்கு 5 அடிக் கொட்டில் ஒன்று கட்டலாம். கட்டினால், முதலில் ஒரு குறிப்பேடு வாங்குங்கள். குட்டியின் எடை, தீவனத்தின் நிறை, ஊசி போட்ட நாள், செலவு, வரவு ஆகியவற்றை நாள்தோறும் எழுதுங்கள். கொட்டிலே கட்டாதவர் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. உங்கள் வகுப்பில் தந்தையின் தொழிலைச் சொல்லத் தயங்கும் பிள்ளை இருந்தால், அப்பிள்ளையின் பக்கத்தில் சென்று அமருங்கள்.